குடும்ப அட்டையின் நான்காவது பெயர்

வாக்குமூலம் கொடுப்பவர்: அர்பாயா, வயது 47, கணவர் பெயர் முக்தார்
தொழில்: கணவாய் மீன் காயப்போடுதல், மரப்பொம்மை விற்றல்
படிப்பு: மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி
முகவரி: கொமோடோ ஊர், தெற்கு வரிசை, படகுத்துறையிலிருந்து ஏழாவது வீடு
பதிவு செய்த இடம்: மேற்படியார் வீட்டின் முன்தளம்
நாள், நேரம்: 18-9-2024, பகல் 12.40 முதல் 3.50 வரை
பதிவு செய்தவர்: தலைமைக் காவலர் யொசெபினா ஜெஹாமுன்

நான் மேலே சொன்ன முகவரியில் என் கணவர் முக்தாருடனும் மகள் மாவாருடனும் குடியிருந்து வருகிறேன். எங்களுடையது தூண்கள்மேல் நிற்கும் கட்டைக்கால் வீடு. ஏற ஒன்பது படி. கணவாய் விழும் மாதங்களில் கணவாய் காயப்போடுவேன். மற்ற மாதங்களில் என் கணவர் செதுக்கும் மர ஓராப் பொம்மைகளை, கப்பலில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்களிடம் விற்பேன். நான் சிரித்துப் பேசி விற்கிறவள். அது என் சுபாவம். இந்த வழக்கில் நான் சிரித்த இடங்களைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பத்து நாளாக இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. எங்கள் குடும்ப அட்டையில் நான்காவது பெயராக உள்ள மெலாத்தி, பெண், பிறந்த தேதி 11-4-2005, மணமாகாதவர் என்பவர் ஓரா. நாலு கால், ஒரு வால், பிளந்த நாக்கு. தலையிலிருந்து வால் நுனிவரை ஆறரை அடி. பட்டணத்துக்காரர்கள் ராட்சத உடும்பு என்கிறார்கள். எங்களுக்கு அது உடும்பு இல்லை. அந்தக் காலத்தில் ஒரே தாயின் ஒரே வயிற்றிலிருந்து மனிதனும் ஓராவும் இரட்டையாகப் பிறந்தார்கள் என்பதும், ஒருவர் ஊரில் தங்கிவிட்டார், மற்றவர் காட்டுக்குப் போய்விட்டார் என்பதும் எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அதை நீட்டவில்லை.

2005 ஏப்ரல் 11 அன்று பகலில் எனக்கு மாவார் பிறந்தாள். பிறந்து குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கிடத்திய சற்று நேரத்தில், கூரை ஓலையிலிருந்து ஒரு சாண் நீள ஓராக் குஞ்சு ஒன்று தவறி, குழந்தையின் துணிமேல் விழுந்தது. மஞ்சளும் பச்சையுமாகப் புள்ளி போட்டு, சந்தையில் வாங்கிய கைக்குட்டை மாதிரி இருந்தது. பிள்ளை பெறுவித்த அம்மாள் பதறவில்லை. “ரெண்டாவதும் வந்தாச்சு, இதுக்குத் துணி போதாது, இன்னொண்ணு எடு” என்றார். அந்தக் குஞ்சு துணிக்குக் காத்திருக்காமல் ஜன்னல் வழியாகப் புளியமரத்துக்குப் போய்விட்டது. அதன் பிறகு மூத்தவளுக்கு ரோஜாப் பூவின் பெயராக மாவார் என்றும், மரத்தில் இருந்தவளுக்கு மல்லிகைப் பூவின் பெயராக மெலாத்தி என்றும் வைத்தோம். அவள் வாய்நாற்றம் பெரியவளான பிறகுதான் தெரியவந்தது. அப்போது பெயரை மாற்ற முடியவில்லை.

அதற்கு அடுத்த வருடம் குடும்பக் கணக்கு எடுக்க ஒரு அதிகாரி வந்தார். நீரோட்டத்தில் படகு ஆடிய ஆட்டத்தில் வாந்தி எடுத்து எடுத்து, எங்கள் வீட்டுக்கு வரும்போது என் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் எழுதினார். என் கணவர் கடலுக்குப் போயிருந்தார். அதிகாரி கேட்டார், நான் சொன்னேன்.

“வீட்டுல எத்தனை பேரும்மா?”

“நாலு.”

“புள்ளைங்க?”

“ரெட்டை.”

“ரெண்டும் பொண்ணா?”

“ஆமா.”

“எங்க, சத்தத்தையே காணோம்?”

“ஒண்ணு தூளியில தூங்குது, ஒண்ணு புளியமரத்துல இருக்கு.”

அவர் “போதும்மா, போதும்” என்று கையைக் காட்டிவிட்டு எழுந்து முன்தளத்துக்கு ஓடினார். திரும்பி வந்து பெயர்களை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். இதில் நான் பொய் சொன்ன இடம் எது என்று எழுதுகிறவர் என்னிடம் காட்டவேண்டும். என் தாய்வீட்டில் தலை எண்ணும்போது இரட்டையையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். விட்டுவிட்டு எண்ணினால் அவள் செத்துப்போகட்டும் என்று நினைத்ததாகிவிடும். பெண் என்று சொன்னது மட்டும் குத்துமதிப்பு. ஓராக் குஞ்சைப் பார்த்து ஆணா பெண்ணா என்று வனக்காவலர்களாலேயே சொல்ல முடியாது. மூத்தவள் பெண் என்பதால் இவளும் பெண்ணாகத்தான் இருப்பாள் என்று சொல்லிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து அட்டை வந்தது. என் கணவருக்கு வாசிக்கத் தெரியும். வாசித்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மணமாகாதவர்னு போட்டிருக்கான்டி” என்றார். பட்டணம் போய் மாற்ற வேண்டும் என்றார். பட்டணத்துக்கு மரப்படகில் நாலு மணி நேரம். அடுத்த மாதம் போகலாம் என்றேன். அந்த அடுத்த மாதம் பதினெட்டு வருடமாக வரவில்லை. இடையில் தடுப்பூசி போட வந்த செவிலி இரண்டு ஊசிகளை எடுத்து வைத்தார். நான் புளியமரத்தைக் காட்டினேன். ஒரு ஊசியைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துக்கொண்டார். அவரும் வெளியூர்தான். இருந்தாலும் அவருக்குப் புரிந்தது.

மெலாத்தி நாலைந்து வயதுவரை மரத்தில் இருந்தாள். உடம்பு கனத்த பிறகு இறங்கி, வீட்டுக்குக் கீழே நிழலில் படுப்பாள், போவாள், வருவாள். நாங்கள் அவளைக் கட்டியதும் இல்லை, தீனி போட்டதும் இல்லை. தீனி போடக்கூடாது என்பது பூங்காச் சட்டம். அவளாக எடுத்துக்கொண்ட கோழிகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கடந்த ஆகஸ்ட் மாதம் மாவாருக்கு, பாப்பகாராங் தீவைச் சேர்ந்த படகோட்டி சுல்கிஃப்லி என்பவருடன் கல்யாணம் பேசி, செப்டம்பர் 22 ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தோம். அதன் பிறகு கல்யாணத்தைப் பதிவு செய்ய நானும் என் கணவரும் மாவாரும் பட்டணம் போனோம். பதிவு அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அட்டையைப் பார்த்துவிட்டு, “இரட்டைப் பிறப்பா? இன்னொரு பொண்ணு பதினேழு வயசுல அடையாள அட்டை எடுக்கவே இல்லையே, படம் எடுக்கணும், கைரேகை வைக்கணும், எங்க அந்தப் பொண்ணு?” என்று கேட்டார். என் கணவர் உடனே உண்மையைச் சொன்னார். எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பெரியவரே, பேர் இருக்கு, தேதி இருக்கு, தாய் பேர் இருக்கு. விளையாடுறீங்களா?” என்றார். என் கணவர் மறுபடியும் சொன்னார். எழுத்தர் எழுந்து உள்ளே போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று நான் சிரித்தது தப்பு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எழுத்தர் எழுதிப் போட்டதன் பேரில், செப்டம்பர் 14 சனிக்கிழமை காவல் நிலையத்திலிருந்து என் கணவரை விசாரணைக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்கள். அவர் ஆதாரத்துக்கு என்று தான் செதுக்கிய மர ஓரா ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன், கேட்கவில்லை. அந்தப் பொம்மையை மேசைமேல் வைத்து, “இதுதாங்க என் ரெண்டாவது மக” என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை.

16-ஆம் தேதி நானும் மாவாரும் மரப்படகில் பட்டணம் போய், காவல் நிலையத்தில் அவரைப் பார்த்தோம். ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார். பொழுது போகாமல் உளி கேட்டாராம், கொடுக்கவில்லையாம். அதன் பிறகு இந்த வாக்குமூலத்தை எழுதும் தலைமைக் காவலர் யொசெபினா அவர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். பெண்ணை எந்த ஏஜெண்டிடம் கொடுத்தீர்கள், மலேசியாவுக்கா, வேறு எங்கேயா, எந்த வருடம், எந்தப் படகு என்று கேட்டார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

“மேடம், அவ ஓரா.”

“நாலு வருஷமா இந்த மேசையில உக்காந்திருக்கேன்மா. பொண்ணு எங்கன்னு கேட்டா, ஒருத்தன் கடல் கொண்டுபோச்சுன்னான். ஒருத்தன் அவளா ஓடிட்டான்னான். உடும்பா மாறிட்டான்னு சொன்னது உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான்.”

“மாறலை மேடம். பொறந்ததே அப்படித்தான்.”

“சிரிக்காதீங்க.”

நான் சிரிக்கவில்லை. என் முகமே அப்படி. அப்போது அவர் விரலை நீட்டிச் சுவரைக் காட்டினார். சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு காகிதங்கள் ஒட்டியிருந்தன. பதினொன்றில் பெண்பிள்ளைகளின் படங்கள். எல்லாரும் வேலைக்கு என்று கடல் தாண்டிப் போய்த் தகவல் இல்லாதவர்கள் என்று சொன்னார். அதில் ஒருத்தி பள்ளிக்கூடச் சட்டையில் இருந்தாள். மேல்வரிசைப் பல் இரண்டு மாவாருக்குப் போலவே ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது. பன்னிரண்டாவது காகிதத்தில் படம் இல்லை. மெலாத்தி என்று பெயர் மட்டும் இருந்தது. அதைப் பார்த்த பிறகு என் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. இதை என் கணவர் நம்பமாட்டார்.

அதன் பிறகு நான் சொன்னேன், ஊருக்கு வாருங்கள், உங்கள் கண்ணாலேயே பாருங்கள் என்று. இவரும் வருகிறேன் என்றார்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஜூலை கடைசியிலிருந்து மெலாத்தியை யாரும் பார்க்கவில்லை. ஐம்பது நாளாக வீட்டுப் பக்கமே வரவில்லை. வேண்டாத நாளெல்லாம் படிக்கட்டை அடைத்துக்கொண்டு படுத்திருப்பவள், அப்பன் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஆளைக் காணோம். இதை நான் தலைமைக் காவலரிடம் சொல்லவில்லை. சொன்னால் காணவில்லை என்பதற்குத் தாயே சாட்சி என்று எழுதிவிடுவார் என்று பயந்தேன்.

இன்று 18-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு இவர் காவல் படகில் என் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். துறையில் இருந்தவர்களிடம் மெலாத்தி யார் என்று விசாரித்தார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தவர்கள், ஊர்த்தலைவர் எல்லாரும் ஓரா என்றே சொன்னார்கள். அதன் பிறகு நடந்தது இது.

“ஊரே ஒரே மாதிரி சொல்லுது. யாரு சொல்லிக்குடுத்தது?”

“ஒருத்தர் சொன்னா பைத்தியம், ஊரே சொன்னா சொல்லிக்குடுத்ததுன்னா, எத்தனை பேர் சொன்னா மேடம் நெஜம்? அந்த எண்ணிக்கையைச் சொல்லுங்க, அத்தனை பேரை மட்டும் கூட்டிட்டு வரேன்.”

அதன் பிறகு, வனக்காவலராக வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் இஸ்ஹாக் தன் கவைக்கோலை எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க, நாங்கள் மூன்று பேரும் பின்னால் நடந்து ஊருக்குப் பின்னால் உள்ள ஓடைப் பள்ளத்தில் தேடினோம். ஓரா குறுக்கே வந்தால் கவையை அதன் கழுத்தடியில் கொடுத்து மெல்லத் தள்ளுவான். அடிக்கமாட்டான். ஆட்டையோ மீனையோ வைத்து வரவழைக்கலாமா என்று தலைமைக் காவலர் கேட்டதற்கு, அது சட்டப்படி தப்பு, அத்தைக்கு இருக்கிற வழக்கு போதும் என்று சொல்லிவிட்டான். ஆகவே நான் கூப்பிட்டேன். “ஏ மெலாத்தி, எங்கடி போய்த் தொலைஞ்ச, உங்கப்பாவைப் புடிச்சு வச்சிருக்காங்க, வாடி” என்று பள்ளம் முழுக்கக் கூப்பிட்டேன். புறாக்கள்தான் பறந்தன.

ஓடைத் திருப்பத்தில் பனையடியில் ஒரு பெரிய ஓரா படுத்திருந்தது. ஒன்பதடி இருக்கும். தலைமைக் காவலர் இஸ்ஹாக்கின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, “இதுவா?” என்று கேட்டார். இல்லை என்றேன். என் கணவர் என் தோளை இடித்தார்.

“இதுதான்னு சொல்லித் தொலையேன்டி. முடிஞ்சிரும்.”

“அது ஆம்பளைங்க.”

“அதை யாரு புரட்டிப் பாக்கப்போறாங்க?”

“கண்டவனைக் காட்டி எம்பொண்ணுன்னு சொல்லச் சொல்றீங்களா? பெத்தவ நானா, நீங்களா?”

“ரெண்டு பேரும் இல்ல!” என்று என் கணவர் கத்தினார். நாலு நாள் பலகையில் உட்கார்ந்தவர் என்பதால் பொறுத்துக்கொண்டேன். நான் அங்கே ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அப்போதே வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் அது பொய். பத்து நாளாக உண்மையைச் சொல்லி யாரும் நம்பவில்லை. அதற்காகப் பொய்யைச் சொல்லி நம்பவைக்க எனக்கு மனம் வரவில்லை.

பதினொன்றரை மணிக்குத் திரும்பி வந்தோம். மாவார் காப்பி போட்டு, மரவள்ளிக்கிழங்கும் சுட்ட மீனும் வைத்தாள். தலைமைக் காவலர் காப்பியை மட்டும் குடித்துவிட்டு, பையிலிருந்து படிவத்தை எடுத்து, காணாமற்போனவரின் அங்க அடையாளம் என்ன என்று கேட்டார். கணவரைத் திரும்பக் கூட்டிப்போகப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் நான் இதைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது. என் கணவரிடமும் சொன்னதில்லை.

2014-இல் ஒரு நாள் பகலில் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, கீழே அடைகாத்துக்கொண்டிருந்த கோழியை மெலாத்தி முட்டையோடு சேர்த்து முழுங்கினாள். அது அந்த மாதத்தில் மூன்றாவது கோழி. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கையில் இருந்த கொதிகஞ்சியைப் பலகை இடுக்கு வழியாக அவள்மேல் ஊற்றிவிட்டேன். வலது தோளில் விழுந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். எங்கள் ஊரில் ஓராமேல் யாரும் கை ஓங்குவதில்லை, அதற்குப் பட்டது அதன் இரட்டைக்கும் படும் என்பார்கள். வாயால்தான் விரட்டுவோம். இருபது நாள் கழித்து மாவார் வாழைக்காய் பொரிக்கும் சட்டியைத் தட்டிவிட்டதில், எண்ணெய் அவள் வலது தோளில் கொட்டியது. ஒன்பது வயது. ஊரில் எல்லாரும் சட்டியைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து சட்டியைத் திட்டினேன்.

ஆகவே அங்க அடையாளம், வலது தோளில் உள்ளங்கை அளவு வெளிறிய தழும்பு என்று சொன்னேன்.

மாவார் அடுப்படியிலிருந்து வந்து, “சட்டி இல்லையா அப்ப?” என்றாள். என் டம்ளரில் காப்பியை நிரப்பிவிட்டுப் போனாள். என் கணவர் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். அதன் பிறகு எழுந்து, “நாலு நாளா ஆடுகளை யாரு பாத்தது?” என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கிப்போய்விட்டார்.

ஆடுகள் இரண்டு. கல்யாணத்துக்கு வைத்திருந்தவை. உயரப் பரண் கட்டி அதன்மேல்தான் விட்டிருந்தோம், யாருக்குப் பயந்து என்று சொல்ல வேண்டியதில்லை. என் கணவர் சின்ன ஆட்டை இறக்கி, குளிப்பாட்டுவதற்கு என்று எங்கள் வீட்டுப் படிக்கட்டுக் காலில் கட்டிவிட்டு, தண்ணீர் எடுக்கப் போனார். வாழ்நாள் முழுக்க இந்த ஊரில் இருந்த மனிதர், ஆட்டைப் படிக்கட்டில் கட்டினார். இதை நான் சொன்னபடியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கீழேயிருந்து இஸ்ஹாக், “அத்தை! படியை விட்டு மேல போ!” என்று கத்தினான். மேற்படி மெலாத்தி பக்கத்து வீட்டுக் கால்களுக்கு இடையில் புகுந்து வந்து, மேற்படி ஆட்டைக் கழுத்தில் பிடித்து, கயிறு அறும்படி ஒரு இழுப்பு இழுத்தாள். வீடு ஆடியது. தலைமைக் காவலரின் கோப்பை உருண்டு கீழே விழுந்தது. அதன் பிறகு அவள் ஆட்டைத் தலையிலிருந்து முழுங்கத் தொடங்கினாள். உள்ளே போகாததைப் படிக்கட்டுக் காலில் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டாள். கால் மணி நேரம் ஆனது.

“அடிப் பாவி, இத்தனை நாள் எங்கடி இருந்த? ஞாயித்துக்கிழமை கல்யாணம்டி!” என்று நான் முன்தளத்திலிருந்து கத்தினேன். எத்தனை திட்டினேன் என்று எண்ணவில்லை.

மாவார் என் பக்கத்தில் வந்து நின்று, “அவ பங்கை அவ எடுத்துக்கிட்டா. விடும்மா” என்றாள். முன்பெல்லாம் எங்கள் ஊரில் மான் கிடைத்தால் ஓராக்களுக்கு என்று ஒரு பங்கை விட்டுவிட்டு வருவார்கள். அதைத்தான் சொன்னாள்.

தலைமைக் காவலர் முன்தளத்தின் விளிம்பில் மண்டியிட்டு, பலகையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். மெலாத்தியின் வலது தோளில் தழும்பு தெளிவாகத் தெரிந்தது. அதன் பிறகு திரும்பி மாவாரைப் பார்த்தார். மாவார் கேட்காமலேயே சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினாள். அவர் இரண்டையும் இரண்டு தடவை பார்த்தார். பேனாவை மூடினார். மறுபடியும் திறந்தார்.

மெலாத்தியின் மூக்கிலும் முன்கால் நகங்களிலும் சிவப்பு மண் அப்பியிருந்தது. இஸ்ஹாக் கீழே தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “அத்தை, காட்டுக்கோழி முட்டையிடக் குவிச்ச மண்மேட்டுல புதுசா குழி தோண்டியிருந்தது இவதான். முட்டை வச்சிருக்கா. அதான் ஆளைக் காணோம்” என்றான். வாந்தி எடுத்த அதிகாரியிடம் நான் குத்துமதிப்பாகச் சொன்னது இப்படிப் பதினெட்டு வருடம் கழித்துச் சரியாகிவிட்டது. மூத்தவளுக்குக் கல்யாணம் ஆகும் முன்பே இளையவள் முட்டை வைத்துவிட்டாள். மாப்பிள்ளை யார் என்று தலைமைக் காவலர் கேட்கவில்லை. கேட்டால் அவர் பெயரும் அட்டையில் ஏறிவிடும் என்று நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு வழக்கை எப்படி முடிப்பது என்று பேச்சு வந்தது. “இப்படி ஒரு ஆளே இல்லைன்னு எழுதிரலாம்மா. பதிவு அலுவலகத்துல பேரை அடிச்சிருவாங்க” என்றார் இவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“கண்ணு முன்னாடி ஆட்டைத் தின்னுட்டுப் படுத்திருக்கா. இல்லைன்னு எப்படி மேடம் எழுதுவீங்க?”

“அப்ப இறந்துட்டான்னு?”

“வாயைக் கழுவுங்க.”

“படிவத்துல மூணாவது ஒண்ணுதாம்மா இருக்கு.”

அது என்ன என்று கேட்டேன். கண்டுபிடிக்கப்பட்டார் என்பதாம். நாலு வருடத்தில் அந்தக் கட்டத்தில் ஒரு தடவைகூடத் தான் கோடு போட்டதில்லை என்று சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அந்தக் கட்டத்தில் கோடு போட்டு, “வீட்டில் உள்ளார், நல்ல உடல்நிலையில் உள்ளார்” என்று எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார். சுவர்க் காகிதத்துக்கு என்று கைபேசியில் மெலாத்தியைப் படமும் எடுத்துக்கொண்டார். அட்டையில் பெயரைத் திருத்துவது பதிவு அலுவலகத்தின் வேலை, தன் வேலை இல்லை என்றும் சொன்னார். என் கணவர்மேல் குற்றம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். ஆட்டைப் படிக்கட்டில் கட்டியதற்கு மட்டும் இஸ்ஹாக் தனியாக எழுதிக் கொடுப்பானாம். கொடுக்கட்டும், நானே சாட்சி சொல்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம் உண்டு. பட்டணம் போனதும் மெலாத்தியின் காகிதத்தை அந்தச் சுவரிலிருந்து இவரே தன் கையால் எடுக்க வேண்டும். மற்ற பதினொரு பெண்களின் தாய்மாரும் ஒரு நாள் தங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, இத்தனை நாள் எங்கடி போய்த் தொலைந்தாய் என்று தொண்டை கிழியத் திட்ட வேண்டும். திட்டும்போது எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டால் நான் சொல்லுவேன்.

மேலே எழுதியவை நான் என் வாயால், யாரும் மிரட்டாமலும் சொல்லிக்கொடுக்காமலும் சொன்னவை. எழுதியதை எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார்கள். கோழிகளின் எண்ணிக்கை தவிர எல்லாம் உண்மை. கோழி மூன்றுக்கு மேல் இருக்கும்.

(ஒப்பம்) அர்பாயா

பதிவு செய்தவரின் குறிப்பு: வாக்குமூலம் முடிந்த பின்னும் மேற்படி மெலாத்தி படிக்கட்டின் அடியில் படுத்து உறங்கிக்கொண்டிருந்தபடியால், மேலே இருந்தவர்கள் இறங்கவோ கீழே இருந்தவர்கள் ஏறவோ இயலவில்லை. ஆகவே சாட்சி இஸ்ஹாக்கின் கவைக்கோல் நுனியில் இந்தக் காகிதம் செருகி இறக்கப்பட்டு, அவருடைய கையொப்பமும், தண்ணீர்க் குடத்துடன் திரும்பி வந்து கீழேயே நின்றுவிட்ட முக்தாரின் கையொப்பமும் பெறப்பட்டு, அதே கோலில் மேலே ஏற்றப்பட்டது.